டியூப் கேட்பது 230 வோல்ட்டை அல்ல: பேட்டரியில் எரியவைக்க எந்த இன்வெர்ட்டர்?

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்கா மகன் ஒரு துணிப்பையுடன் வந்து நின்றான். உள்ளே, பழைய யு.பி.எஸ். ஒன்றிலிருந்து கழற்றிய 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. எமர்ஜென்சி விளக்கிலிருந்து எடுத்த ஓரடி நீள 8 வாட் டியூப் இரண்டு. இரண்டடி நீள 20 வாட் டியூப் ஒன்று. "மாமா, கரண்ட் போனால் அம்மா மெழுகுவர்த்தியைத் தேடி அலைகிறார். இந்தப் பேட்டரியில் டியூப் எரிய ஓர் இன்வெர்ட்டர் செய்யலாம் என்று இருக்கிறேன். சர்க்கியூட்டும் எடுத்துவிட்டேன்" என்று காகிதத்தை நீட்டினான். பார்க்காமலே சொல்லியிருப்பேன்: சிடி4047 ஐ.சி., ஸ்விட்ச்சாக வேலை செய்யும் இரண்டு ஐஆர்எஃப்இசட்44 மாஸ்ஃபெட், நடுவிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட் தரும் ஒரு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர். தமிழ்நாட்டில் மின்னணுவியல் படிக்கிற மாணவர்களில் பாதிப் பேர் செய்திருக்கக்கூடிய சர்க்கியூட் அது. நல்ல சர்க்கியூட்தான். டியூப் லைட்டுக்கு மட்டும் அது பொருந்தாது.

அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது இவை ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது செய்து பார்த்தேன். மூன்று இன்னும் பரணில் கிடக்கின்றன. ஒன்று எரிந்துபோனது, அதன் கதை பின்னால் வருகிறது.

முதலில் டியூப்பின் குணம். உள்ளே குறைந்த அழுத்தத்தில் ஆர்கானும் துளி பாதரசமும் இருக்கின்றன. பற்றிக்கொள்ளும்வரை அது கிட்டத்தட்ட அறுந்த கம்பி. சில நூறு வோல்ட் கொடுத்தால்தான் உள்ளிருக்கும் வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். பற்றிக்கொண்ட பிறகு கதை தலைகீழ். 8 வாட் டியூப்புக்கும் இரண்டடி டியூப்புக்கும் 57 வோல்ட் வாக்கில் போதும். நான்கடி டியூப்புக்கு நூறை ஒட்டி. அதற்குமேல் நாம் வோல்ட்டேஜைப் பிடித்து வைத்தால், மின்னோட்டம் ஏற ஏற டியூப்பின் தடை இறங்கும், தடை இறங்க இறங்க மின்னோட்டம் இன்னும் ஏறும்; கடைசியில் டியூப்போ ஃப்யூஸோ போகும். ஆகவே டியூப்புக்கு வேண்டியவை இரண்டு: தொடக்கத்தில் ஓர் உதை, பிறகு ஒரு கடிவாளம். வீட்டு ஃபிட்டிங்கில் சோக்கும் ஸ்டார்ட்டரும் சேர்ந்து செய்வது இதைத்தான். 230 வோல்ட் என்பது மின்வாரியம் தருகிற எண். டியூப் கேட்கிற எண் அல்ல. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்தது.

4047 வழி

மருமகன் கொண்டுவந்த சர்க்கியூட் செய்வது இது. 4047 நொடிக்கு 50 தடவை மாறி மாறி இரண்டு மாஸ்ஃபெட்டுகளைத் திறந்து மூடுகிறது. 0.1 மைக்ரோஃபாரட் கன்டென்சரும் 45 கிலோ ஓமுக்குச் சரிசெய்த பிரீசெட்டும் (திருகி அளவை மாற்றும் தடை) போட்டால் 50 ஹெர்ட்ஸ் வந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாகப் போட்டு 12 வோல்ட் பக்கம் உள்ளே கொடுக்க, 230 பக்கம் வெளியே வருகிறது. காயில் சுற்ற வேண்டாம், பொருள் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், முதல் முயற்சியிலேயே வேலை செய்யும். இந்த மூன்றுக்காகத்தான் எல்லோரும் இதை விரும்புகிறார்கள்.

சிக்கல் அலையின் வடிவத்தில் இருக்கிறது. வீட்டு மின்சாரம் சைன் அலை. 230 வோல்ட் என்றாலும் அதன் உச்சி 325 வோல்ட்டைத் தொடும். சதுர அலையில் 230 என்றால் உச்சியும் 230தான். சி.எஃப்.எல். விளக்கின் அடிப்பாகத்தில் இருக்கும் சர்க்கியூட் வருகிற உச்சியைப் பிடித்து வைத்துக்கொண்டு அதிலிருந்து வேலை செய்வது. அதற்கு 325 கிடைக்க வேண்டிய இடத்தில் 230 கிடைத்தால் மங்கலாக எரியும். சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள ஃபிட்டிங் இன்னும் மோசம். தலைகீழாகப் போட்ட 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் சுமை ஏறியதும் 230 தருவதில்லை, இருநூறை நோக்கி இறங்கிவிடும் (9-0-9 வாங்கினால் இது சரியாகும் என்பதைப் பலர் பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்). அந்த உச்சியில் ஸ்டார்ட்டர் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், டியூப் பற்றாது. பற்றினாலும் சோக் மட்டும் பத்து வாட்டை ஒட்டிச் சூடாகத் தின்னும். டிரான்ஸ்ஃபார்மர் எதையும் எரிக்காமலே, என் மேசையில் இருந்தது அரை ஆம்பியரை விழுங்கியது. இரண்டடி டியூப்புக்குப் பேட்டரியிலிருந்து 4 ஆம்பியர் போனது. 7 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டியதும் படுத்துவிட்டது. 7 ஆம்பியர்-மணி என்று அட்டையில் அச்சிடுவது 20 மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கும் கணக்கு. வேகமாக உறிஞ்சினால் அவ்வளவு தராது.

பழைய ஃபிட்டிங்கில் மின்திறன் காரணியைத் திருத்த ஒரு கன்டென்சர் குறுக்கே இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பதும் இங்கே சேரும். சதுர அலையின் ஒவ்வொரு விளிம்பிலும் அது மாஸ்ஃபெட்டை உதைக்கும். இரவில் சோக்கின் உறுமலையும் கேட்டுக்கொண்டு படுக்க வேண்டும்.

50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. 6 சதுர சென்டிமீட்டர் இரும்புக் கோரில் (கம்பி சுற்றும் நடுப்பகுதி) 12 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 83 சுற்று வேண்டும். 230 வோல்ட் பக்கத்துக்கு 1,600 சுற்று. அதே 12 வோல்ட்டை 25,000 ஹெர்ட்ஸில், அரை சதுர சென்டிமீட்டர் ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான்) கோரில் கொடுத்தால் 12 சுற்று போதும். தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். போதாக்குறைக்கு, 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எரிக்கும்போது டியூப் அதே வாட்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் வெளிச்சம் தருகிறது. டியூப்புக்குப் பிடித்த இடம் அங்கேதான் இருக்கிறது. 4047 வழியில் போகிறவர் அந்த இடத்துக்கு எதிர்த்திசையில் நடக்கிறார்.

ஒற்றை டிரான்சிஸ்டர்

எமர்ஜென்சி விளக்கைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்த முகம்: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சின்னக் காயில், இரண்டு மூன்று உதிரிகள். டிரான்சிஸ்டர் திறந்திருக்கும்போது, அதாவது மின்சாரத்தை விடும்போது, காயிலில் மின்னோட்டம் ஏறுகிறது. கோர் சக்தியைச் சேர்த்துக்கொள்கிறது. டிரான்சிஸ்டர் தன் எல்லையைத் தொட்டதும் சட்டென்று மூடிக்கொள்கிறது. சேர்ந்த சக்திக்கு வேறு வழியில்லை. 450 சுற்றுள்ள மெல்லிய கம்பியின் வழியாக டியூப்புக்குள் பாய்ந்தே ஆக வேண்டும். டியூப் பற்றாமல் இருந்தால் வோல்ட்டேஜ் தானாக ஏறிக்கொண்டே போய் அதைப் பற்றவைக்கும். பற்றிவிட்டால் தானாக 57க்கு இறங்கிவிடும். உதையும் கடிவாளமும் ஒரே காயிலில் கிடைக்கின்றன. ஸ்டார்ட்டர் வேண்டாம், சோக் வேண்டாம். இதைவிட நேர்த்தியான எளிய சர்க்கியூட் எனக்குத் தெரியாது. பக்கத்துவீட்டுப் பையன்கள் கேட்டால் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

பல காலமாகக் கைமாறி வருகிற கணக்கு ஒன்று இருக்கிறது. பழைய மீடியம் வேவ் ரேடியோவின் உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபெரைட் தண்டை எடுத்து, அதன்மேல் கலெக்டர் (டிரான்சிஸ்டருக்குள் மின்னோட்டம் நுழையும் கால்) பக்கம் 60 சுற்று தடித்த கம்பி, பேஸ் (அதைத் திறந்து மூடும் கால்) பக்கம் 13 சுற்று, டியூப் பக்கம் 450 சுற்று மெல்லிய கம்பி. டிரான்சிஸ்டர் 2என்3055. பேஸுக்கு 180 ஓம். தண்டு இரு பக்கமும் திறந்திருப்பதால் காந்தப்புலம் கொஞ்சம் கசியும். இங்கே அந்தக் கசிவே டியூப்புக்குக் கூடுதல் கடிவாளம். ஈ வடிவ ஃபெரைட் கோரில் செய்கிறவர்கள் இரண்டு பாதிக்கும் இடையே காகிதத் துண்டு வைத்து இடைவெளி விடுவதும் இதற்காகத்தான். சக்தி பெரும்பாலும் சேர்வது அந்த இடைவெளியில்தான். காகிதத்தை மறந்துவிட்டு முழுதாக ஒட்டிவிட்டால் கோர் உடனே காந்தத்தால் நிரம்பிப்போய் டிரான்சிஸ்டர் கொதிக்கும்.

என் தண்டு இன்வெர்ட்டர் 8 வாட் டியூப்புக்கு 0.8 ஆம்பியர் எடுத்தது. ஈயப் பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்குமேல் காலி செய்யக்கூடாது. அப்படிப் பார்த்தால் ஓர் இரவில் நான்கு மணி நேரம்.

குறைகள் மூன்று. டியூப்பைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச்சைப் போட்டால் சேர்ந்த சக்திக்குப் போக இடமில்லாமல் டிரான்சிஸ்டர்மேலேயே திரும்பும். 2என்3055 கலெக்டரில் 60 வோல்ட்டுக்கு வடிவமைத்தது. நான் முன்பு சொன்ன, எரிந்துபோன ஒன்று இப்படித்தான் போனது: டியூப்பின் பின் ஹோல்டரில் சரியாக உட்காரவில்லை, நான் கவனிக்கவில்லை, ஒரு நொடி, ஒரு சின்ன 'டிக்'. டியூப் கம்பிகளை ஹோல்டர் வழியாக விடாமல் நேராகச் சால்டர் செய்துவிடுவது பாதுகாப்பு. அடுத்தது, நன்கு சூடாகாத முனையை அறைந்து பற்றவைப்பதால் ஒவ்வொரு முறையும் முனையில் பூசியிருக்கும் பொருள் கொஞ்சம் சிதறும். ஆகவே எமர்ஜென்சி விளக்கு டியூப்பின் இரு முனையும் சீக்கிரமே கறுத்துவிடும். மூன்றாவது, சத்தம். அலைவெண் காது கேட்கிற எல்லைக்குள் இறங்கினால் கொசு பாடுவதுபோல் ஓர் இழை கேட்டுக்கொண்டே இருக்கும். ஏ.எம். ரேடியோ வைத்திருப்பவருக்கு அந்த அறையில் இடமில்லை. மின்வெட்டு நேரத்தில் செய்தி கேட்கிற என் அப்பா இந்த ஒரு காரணத்துக்காகவே மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பினார்.

இரட்டை டிரான்சிஸ்டர்

இரண்டடி 20 வாட் டியூப்புக்கு ஒற்றை டிரான்சிஸ்டர் மூச்சுவாங்கும். அங்கே இரண்டு டிரான்சிஸ்டர் மாறி மாறித் தள்ளுகிற வகைதான் சரி. 1950களில் ஜார்ஜ் ராயர் வடிவமைத்தது மூல வடிவம். அதன் பிந்தைய வடிவத்தில் உள்ளே ஒரு சின்னச் சோக்கும் காயிலுக்குக் குறுக்கே ஒரு கன்டென்சரும் சேர, சதுர அலை போய்ச் சைன் அலையாகிவிடுகிறது. எல்.இ.டி. வருமுன் மடிக்கணினித் திரைகளின் பின்னால் இருந்த மெல்லிய குழாய்விளக்கை எரியவைத்தது இந்த வகைதான். சைன் அலை வந்துவிட்டால் டியூப்புக்குக் கடிவாளம் போட ஒரே ஒரு கன்டென்சர் போதும்: 30,000 ஹெர்ட்ஸில், 400 வோல்ட் வெளியீட்டில், 4 நானோஃபாரட் வாக்கில், 1,000 வோல்ட்டுக்குமேல் தாங்குவதாக. டியூப்பைக் கழற்றினாலும் எதுவும் எரியாது. மேலும் மூன்று நான்கு சுற்று தனியாகச் சுற்றி முனை ஃபிலமென்ட்டைச் சூடேற்றலாம். கறுப்பது வெகுவாகக் குறையும்.

செய்வது கடினம் என்பதை மறைக்கவில்லை. நடுவில் பிரித்த காயிலின் இரு பாதியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இரண்டு கம்பியையும் ஒன்றாகப் பிடித்துச் சுற்றுவதுதான் வழி. டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் 12 வோல்ட்டைப்போல் மூன்று மடங்கை, அதாவது 38 வோல்ட் உச்சியைப் பார்க்கும். 2என்3055 அதைத் தாங்கிவிடும், ஆனால் 30,000 ஹெர்ட்ஸுக்கு அது மந்தமான ஆள், சூடாகும். டி44எச்11 போன்ற வேகமான வகை கிடைத்தால் நல்லது. எனக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. மூன்றாவது முறை சுற்றிய காயில்தான் ஓடியது.

எல்.இ.டி. என்ற யானை

இதுவரை படித்தவர் கேட்கத்தான் போகிறார்: டியூப்பே எதற்கு?

கேட்க வேண்டிய கேள்விதான். மூன்று 1 வாட் வெள்ளை எல்.இ.டி.யைத் தொடராக இணைத்தால் 9.6 வோல்ட் வாக்கில் போதும். நடுவில் மின்னோட்டத்தை 350 மில்லிஆம்பியரில் பிடித்துவைக்கிற சின்ன டிரைவர் போர்டு ஒன்று. பேட்டரியிலிருந்து போவது 0.3 ஆம்பியர் சொச்சம். வெளிச்சம் 300 லூமனைத் தாண்டும். இன்வெர்ட்டரில் ஓடுகிற 8 வாட் டியூப் தருவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. அதிலும் பாதி வெளிச்சம் கூரையைப் பார்த்துப் போகும். டியூப் நான்கு மணி நேரம் தருகிற பேட்டரியில் இது பத்து மணி நேரம் எரியும். கடைகளில் விற்கும் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை நேராகப் பேட்டரியில் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், ஆனால் சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொடும். அப்போதும் எரியவிட்டால் பட்டை சூடாகி ஆயுள் குறையும்.

பாதரசத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தின்கீழ் 2023இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் நீள்குழாய் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. இந்தியாவும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இப்போது செய்கிற இன்வெர்ட்டருக்கு நாளை டியூப் தேட வேண்டியிருக்கும். கையிலிருக்கும் டியூப் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் அறையைவிட்டு வெளியே நிற்க வேண்டும், துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. சமையலறையில் தொங்கவிடப்போகிறவன் இதை யோசிக்கத்தான் வேண்டும்.

சூரிய விளக்குகளின் வரலாறே இதற்குச் சாட்சி. அரசுத் திட்டங்களில் வந்த பழைய சோலார் லாந்தர்களில் 7 வாட் சி.எஃப்.எல்., 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணிப் பேட்டரி, நடுவில் நாம் மேலே பார்த்த மாதிரி ஒரு குட்டி இன்வெர்ட்டர். மருமகன் பையில் கொண்டுவந்த அதே அளவு பேட்டரி. எல்.இ.டி. வந்ததும் அந்த இன்வெர்ட்டர் முதலில் காணாமல் போனது, பிறகு பேட்டரி சுருங்கியது.

கடையில் வாங்கும் வீட்டு இன்வெர்ட்டரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மின்விசிறியும் ஓட வேண்டும் என்றால் அதை வாங்குவதுதான்; ஒரு விளக்குக்காக 150 ஆம்பியர்-மணிப் பேட்டரியைக் கூடத்தில் உட்காரவைக்க வேண்டாம்.

என் தீர்ப்பு

அக்காவின் சமையலறைக்கு எல்.இ.டி. இதில் இரண்டாவது யோசனையே இல்லை. கரண்ட் போகும் நேரத்தில் அவருக்கு வேண்டியது வெளிச்சம். மகன் கற்றுக்கொண்ட பாடம் அல்ல.

பாடத்துக்கு ஒற்றை டிரான்சிஸ்டர். 4047ஐச் செய்து முடித்தால் ஒருவன் ஐ.சி.யின் கால்களை இணைக்கக் கற்றிருப்பான். தண்டில் காயில் சுற்றி முடித்தால் மின்காந்தம் என்றால் என்ன என்று விரல்நுனியில் தெரிந்திருக்கும். அது ஓடிய பிறகு ஆசை இருந்தால் இரட்டை டிரான்சிஸ்டருக்குப் போகட்டும், அந்த இரண்டடி டியூப் அதற்காகக் காத்திருக்கட்டும். வாங்கிவந்த 4047 பொருள்களையும் வீணாக்க வேண்டாம். 9 வாட் எல்.இ.டி. பல்புகளில் பெரும்பாலானவை சதுர அலையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை; அவற்றை எரிக்கட்டும். ஆனால் அதன் வெளியீடு வீட்டு மின்சாரத்தைப்போலவே ஆளைக் கொல்லும் என்பதை மறந்து வெறும் மேசையில் கம்பியைத் திறந்து வைக்கக்கூடாது. தண்டு இன்வெர்ட்டரின் 450 சுற்று முனையும் விரலைச் சுட்டுப் பொசுக்கும்.

எந்த வழியானாலும், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு ஃப்யூஸ். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருப்பவர்கள், குறுக்கே விழுந்த ஸ்பேனர் சிவப்பதைப் பார்த்ததில்லை.

மருமகன் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் ரேடியோ தண்டு எங்கே கிடைக்கும், மாமா?" என்றான். பரணில் என் அப்பாவின் பழைய ரேடியோ இருந்தது. அதைக் கீழே இறக்கும்போது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன்: முதல்முறை ஸ்விட்ச் போடும்போது பேட்டரிக்கும் சர்க்கியூட்டுக்கும் நடுவே தொடராக ஒரு 12 வோல்ட் 21 வாட் வண்டி இண்டிகேட்டர் பல்பைப் போடு. பல்பு பளிச்சென்று எரிந்து டியூப் இருட்டாகவே இருந்தால், டிரான்சிஸ்டர் திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. உடனே அணைத்துவிட்டு 13 சுற்றின் இரு முனையையும் மாற்றிப் போடு, பெரும்பாலும் அங்கேதான் தவறு இருக்கும். பல்பும் டியூப்பும் சும்மாவே இருந்தால் வயரிங்கைப் பார். டியூப் மின்னத் தொடங்கி பல்பு மங்கலாக இருந்தால், பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடு.

நேற்று இரவு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. டியூப் எரிகிறது. பக்கத்தில் அக்கா காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். அலைவெண் இன்னும் கீழேதான் இருக்கிறது. சுற்றைக் குறைக்க வேண்டும்.